பில் தேதியும் சம்பளத் தேதியும்

(கோவையில் சிறுதொழில் முனைவோர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலைவாய்ப்பிலும் பொருளாதார வளர்ச்சியிலும் சிறுதொழில்களின் பங்கு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பணிக்காலம் முழுவதும் வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் புகழ்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

2015-16இல் தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று நடந்தது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் நாட்டில் 6 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரம் என்று அதில் தெரிந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 49 லட்சத்து 48 ஆயிரம். இவற்றில் வேலை பார்ப்பவர்கள் நாடு முழுவதும் 11 கோடியே 10 லட்சம் பேர். விவசாயத்துக்கு அடுத்தபடியாக இத்தனை பேருக்குச் சோறு போடும் துறை வேறு இல்லை. ஆனால் இரண்டு எண்களையும் ஒன்றால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். ஒரு தொழிலுக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. மொத்தத்தில் 6 கோடியே 30 லட்சத்துக்கு மேல் குறுந்தொழில்கள். இஸ்திரி வண்டி, டீக்கடை, தையல் கடை, வீட்டிலேயே தறி போட்டிருப்பவர், ஒற்றை லேத் வைத்திருப்பவர் எல்லாரும் இந்தக் கணக்கில் அடக்கம். அதாவது, வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலைக்கு அவர் வந்தாரா, எது அவரை அங்கே வரவிடாமல் தடுக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த விவாதம் நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் டேவிட் பர்ச் என்ற ஆய்வாளர் 1979இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1969இலிருந்து 1976 வரை அங்கே கூடுதலாக உருவான வேலைகளில் மூன்றில் இரண்டு பங்கு, இருபது பேரோ அதற்குக் குறைவாகவோ கொண்ட நிறுவனங்களில் உருவானது என்றார். அதன்பிறகு உலகமெங்கும் அரசுகள் சிறுதொழிலைக் கொண்டாட ஆரம்பித்தன. 2013இல் ஹால்டிவேங்கர், ஜார்மின், மிராண்டா ஆகிய மூவரும் இன்னும் விரிவான புள்ளிவிவரங்களை வைத்து அதே கேள்வியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். நிறுவனத்தின் வயதைக் கணக்கில் சேர்த்ததும், அளவுக்கு இருந்த மகிமை போய்விட்டது. புதிதாகப் பிறந்த நிறுவனங்கள்தான் வேலையைக் கூட்டுகின்றன. அவை பிறக்கும்போது சிறியவையாக இருக்கின்றன, அவ்வளவுதான். பிறந்து வெகுகாலமாகியும் வளராமல் நிற்கும் சிறு நிறுவனம் புதிய வேலைகளைப் பெரிதாகக் கொண்டுவருவதில்லை.

நம்மை நேரடியாகத் தொடும் ஆய்வும் ஒன்று உண்டு. ஹ்சியே, கிளெனோ என்ற இருவர் 2014இல் இந்தியா, மெக்சிகோ, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் நாற்பது வயதான ஒரு தொழிற்சாலை, ஐந்து வயதுக்குட்பட்ட தொழிற்சாலையைப் போல ஏழு மடங்குக்கு மேல் ஆட்களை வைத்திருக்கிறது. இந்தியாவில் அதே வயது இடைவெளியில் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். நம் தொழிற்சாலைகள் வயதாகின்றன, வளர்வதில்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நானும் பல கோப்புகளில் அதைக் கண்டிருக்கிறேன். ஆனால் கோவையில் வாழ்ந்து, இந்தப் பட்டறைகளுக்குக் கடன் கொடுத்து வசூலித்த எனக்கு அந்தக் கணக்கு பாதிதான் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊர் எப்படித் தொழில் ஊர் ஆனது என்று நீங்களே அறிவீர்கள். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. கரிசல் பருத்தி பக்கத்திலேயே விளைந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்ததும் மில்கள் அடுத்தடுத்து எழுந்தன. மில் இயந்திரம் பழுதானால் உதிரிபாகத்துக்கு இங்கிலாந்திலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்க முடியாது. அந்தப் பாகத்தை இங்கேயே வார்த்து, இங்கேயே கடைந்தார்கள். வார்ப்படமும் கடைசலும் கைவந்த பிறகு, வயல்காட்டுப் பக்கம் திரும்பினார்கள். கொங்குநாட்டில் மழை குறைவு, கிணறு ஆழம். தண்ணீர் இறைக்கும் பம்ப் இங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் தேவைப்பட்டது. 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடம் தொடங்கியது. 1937இல் மின்மோட்டார் இங்கே செய்யப்பட்டது. அதைச் செய்த ஜி.டி. நாயுடுவின் பெயரையும் பாலசுந்தரம் நாயுடுவின் பெயரையும் இந்த மண்ணில் நான் விளக்க வேண்டியதில்லை. 1955இல் வெட் கிரைண்டரும் இங்கேதான் பிறந்தது. ஒரு தொழிலின் பழுதைச் சரிசெய்யப் போய் அடுத்த தொழில் பிறந்தது. அதற்குப் பாகம் செய்து கொடுத்தவன் மூன்றாவதைத் தொடங்கினான். அரசாங்கம் திட்டம் தீட்டி இதைக் கொண்டுவரவில்லை. காமராசர் ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன் காலத்தில் கிண்டியிலும் அம்பத்தூரிலும் எழுந்த தொழிற்பேட்டைகளுக்கு அரசின் கை முன்னால் நின்றது. கோவையில் அது பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டு வழியும் பலன் தந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு பம்பின் ஷாஃப்டை மட்டும் பின்தொடர்ந்து போவோம். அரை எச்பி மோனோபிளாக் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நீளமாக வருகிறது. ஆவாரம்பாளையத்தில் ஒருவர் பேண்ட்சா வைத்திருக்கிறார். அளவுக்கு வெட்டிக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. வெட்டிய துண்டுகள் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கப்பட்டு எக்ஸ்எல் வண்டியின் முன்னால் ஏறி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் லேத் பட்டறைக்குப் போகின்றன. அங்கே ஃபேசிங் செய்து, இரு முனையிலும் சென்டர் துளை போட்டு, படிப்படியாக விட்டம் குறைத்துக் கடைகிறார்கள். அடுத்து இன்னொரு இடத்தில் மில்லிங் இயந்திரத்தில் கீவே வெட்டுகிறார்கள். அதற்குப் பிறகு கிரைண்டிங். பேரிங் உட்காரும் இடத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பேரிங் ஏறாது, குறைந்தாலும் நிற்காது. கிரைண்டிங் போடுகிறவர் ஒவ்வொரு பத்துத் துண்டுக்கும் ஒருமுறை மைக்ரோமீட்டரை எடுத்துப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் படிப்பார். அவர் பள்ளியில் எவ்வளவு படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கை தொட்ட சரக்கு ரிஜெக்‌ஷன் ஆகாது என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். பம்ப் கம்பெனி தன் பெயர்ப்பலகையை ஒட்டும் முன்பாக அந்த ஷாஃப்ட் நான்கு முதலாளிகளின் வாசலை ஏறி இறங்கியிருக்கிறது. கேசிங் வார்த்த ஃபவுண்டரி, இம்பெல்லர் கடைந்தவர், ஸ்டாம்பிங் அடித்தவர், ஸ்டேட்டருக்கு வைண்டிங் சுற்றிய பெண்கள், பெயிண்ட் அடித்தவர், அட்டைப்பெட்டி செய்தவர் என்று தனித்தனிக் கிளைகள் உண்டு.

கணக்கெடுப்புக்காரர் வந்தால் இவற்றைத் தனித்தனி நிறுவனமாக எழுதுவார். நான்கு பேர், இரண்டு பேர், ஆறு பேர் என்று பதிவாகும். ஆனால் கணபதியும் பீளமேடும் சின்னவேடம்பட்டியும் குறிச்சி சிட்கோவும் சேர்ந்து ஒரே தொழிற்சாலையாகத்தான் இயங்குகின்றன. தெருக்கள்தான் அந்தத் தொழிற்சாலையின் நடைபாதைகள். அமெரிக்கத் தொழிற்சாலை நாற்பது வயதில் ஏழு மடங்கு பெரிதாகிறது. நம் பட்டறை பெரிதாவதற்குப் பதிலாகப் புதுப் பட்டறையைப் பெறுகிறது. எட்டு வருடம் ஒரு முதலாளியிடம் டர்னராக இருந்தவர் ஒருநாள், "அண்ணா, தனியா ஒரு லேத் போடலாம்னு இருக்கேன்" என்று நிற்பார். அண்ணனுக்கு நல்ல கை போகிறதே என்று வருத்தம் இருக்கும். ஆனாலும் தன்னிடம் இருந்த பழைய லேத்தைத் தவணையில் கொடுப்பார். முதல் ஆறு மாதம் ஜாப் ஒர்க்கும் அவரே கொடுப்பார். வீட்டு நகை வங்கிக்கு வரும், ஏலச்சீட்டு எடுக்கப்படும், மச்சான் கைமாற்றாகக் கொஞ்சம் தருவார். திருப்பூரில் இதே கதை பவர் டேபிளில் நடக்கிறது. அங்கே தொழிலாளியாக வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பனியன் கம்பெனி முதலாளிகளாக மாறியதை ஷரத் சாரி என்பவர் 2004இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தப் பிறப்பு நிற்காத வரை வேலைவாய்ப்பு பெருகும். தனியாகப் போனவர் காலி செய்த இடத்துக்கு ஐடிஐ முடித்த பையன் ஒருவன் வருவான். புதுப் பட்டறையிலும் ஹெல்பர் ஒருவன் சேர்வான். ஒரு பிறப்பில் இரண்டு இளைஞர்களுக்கு வேலை.

எந்த இடத்தில் இது தடைபடுகிறது? பத்து ஆள் வந்தால் இந்தச் சட்டம், இருபது ஆள் வந்தால் அந்தச் சட்டம், அதற்குப் பயந்துதான் சிறுதொழில் வளர மறுக்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். சிலருக்கு அந்தப் பயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான்கு பேரை வைத்திருப்பவர் ஐந்தாவது ஆளை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு அது பதிலாகாது. அவருக்கு எந்த வரம்பும் அருகில் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசியவர்களில் அநேகம் பேர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "சார், வேலை இருக்கு. செஞ்சு குடுத்த வேலைக்குப் பணம் வரல."

கடனை உயர்த்திக் கேட்டு வருவார்கள். வரவேண்டிய பாக்கிப் பட்டியலைக் கேட்போம். கைப்பட எழுதிய தாள் ஒன்று வரும். கம்பெனி பெயர், பில் தேதி, தொகை. கூட்டிப் பார்த்தால், அவர் எங்களிடம் கேட்கும் தொகையைவிட அவருக்கு வெளியிலிருந்து வரவேண்டிய தொகை அதிகமாக இருக்கும். ஊருக்குக் கடன் கொடுத்துவிட்டு, அந்தக் குறையை நிரப்ப எங்களிடம் கடன் கேட்டு வந்திருக்கிறார்.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். மாதம் 4 லட்சம் ரூபாய்க்கு ஜாப் ஒர்க் செய்கிற பட்டறை. 45 நாளில் பணம் வந்தால் எப்போதும் வெளியே நிற்பது 6 லட்சம். 120 நாளில் வந்தால் நிற்பது 16 லட்சம். இடையில் இருக்கும் 10 லட்சத்தை அவர் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். வங்கியில் 12 சதவீதத்துக்கே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் வட்டி. மாதம் 10 ஆயிரம். ஒரு ஹெல்பர் பையனின் சம்பளத்தில் பெரும்பகுதி அது. வெளியில் வட்டிக்கு வாங்கினால் பையனின் முழுச் சம்பளமும் போய்விடும். பில் கட்டுவதை 75 நாள் தள்ளிப்போட்ட கம்பெனியின் கணக்கில் இது எங்குமே தெரியாது. இங்கே ஒரு வேலை பிறக்காமலே போயிருக்கும். பிறக்காத வேலையை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கிறது. அதன் 15ஆவது பிரிவு சொல்வது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. முறையிடுவதற்கு ‘வசதி மன்றம்’ என்ற அமைப்பு இருக்கிறது. நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் அது உண்டு. 90 நாளில் தீர்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தீர்ப்பை எதிர்த்துச் சரக்கை வாங்கியவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதத் தொகையை முன்னால் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கடன் வசூலிப்பவனாக இருந்த எனக்கு இப்படியொரு வலுவான சட்டம் கிடைத்திருந்தால் என்று நினைத்ததுண்டு.

பிறகு ஏன் பணம் வருவதில்லை? முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது. அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு மூன்று வாடிக்கையாளர் இருப்பார்கள். அதில் ஒருவரிடமிருந்துதான் பாதி வேலை. அவர் மேல் மனுப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் லேத்தை எதற்கு ஓட்டுவது? அதனால் அக்கவுண்ட்ஸ் ஜன்னலில் போய் நிற்கிறார். "பில் இன்னும் பாஸ் ஆகலைங்க, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம், "கியூசி ரிப்போர்ட் வரணும்." அதற்கடுத்த வாரம், "மேனேஜர் லீவு." பில் கட்ட வேண்டிய நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதிலேயே பல நாட்கள் கரைகின்றன, சரக்கு இறங்கிய நாளா, ஆய்வு முடிந்த நாளா, கணினியில் ஏறிய நாளா?

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். பணம் வந்ததோ இல்லையோ, பில் போட்டதற்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே பட்டறைக்காரர் கட்டியாக வேண்டும். வாங்கிய கம்பெனியோ அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறது. 180 நாள் வரை பணம் தராவிட்டால்தான் கழித்ததைத் திரும்பச் செலுத்த வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். ஒரு சட்டம் 45 நாள் என்கிறது, இன்னொரு சட்டம் 180 நாள் பொறுத்திருக்கிறது. இரண்டும் டெல்லியில் போட்ட சட்டங்கள்தான். 45ஐயும் 180ஐயும் ஒன்றாக்க யாராவது முன்வர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

2023இல் மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. வருமானவரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்து, குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டப்படியான கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த வருடத்துக் கணக்கில் காட்ட முடியாது என்றது. புகார் கொடுக்கத் தேவையில்லை. வாங்கியவரின் ஆடிட்டரே அவரை விரட்டுவார். என்னைக் கேட்டால், வசதி மன்றத்தைவிட இந்த ஒரு உட்பிரிவு வலிமையானது. உடனே எதிர்வினையும் வந்தது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, அப்போதுதான் ஆர்டர் என்று சிலரிடம் சொன்னார்கள். நண்பர்களே, தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். அந்தப் பதிவை இழந்தால் பில்லுக்கு இருக்கும் ஒரே சட்டக் கவசத்தையும் இழந்துவிடுவீர்கள்.

டிரெட்ஸ் என்ற மின்னணு மேடை 2017 முதல் இயங்குகிறது. பெரிய நிறுவனம் உங்கள் பில்லை அதில் ஒப்புக்கொண்டால் போதும். வங்கிகள் போட்டியிட்டு அந்தப் பில்லுக்கு உடனே பணம் தரும். கெடு நாளில் பெரிய நிறுவனம் வங்கிக்குக் கட்டும். கட்டாமல் போனாலும் வங்கி உங்களிடம் வரக் கூடாது. முதலில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்றிருந்தது; 2024இல் 250 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் இதில் ஒரு இடைவெளி இருக்கிறது. நம் ஊரில் லேத் பட்டறைக்காரர் வேலை செய்துகொடுப்பது 250 கோடி கம்பெனிக்கு இல்லை. 20 கோடி, 30 கோடி செய்கிற பம்ப் கம்பெனிக்குத்தான். அந்தக் கம்பெனிக்கும் மேலேயிருந்து பணம் வரவில்லை. விநியோகஸ்தர் தரவில்லை, அரசுத் துறை தரவில்லை, உள்ளாட்சி அமைப்பு தரவில்லை. வாய்க்காலின் தலைமடையில் அடைத்தால் கடைமடை காய்வதுபோல, மேலே தாமதமாகும் ஒவ்வொரு பில்லும் கடைசியில் ஒற்றை லேத்காரரின் தலையில்தான் விடிகிறது. ஆகவே, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் முதலில் கட்ட வேண்டும். சிறுதொழில் மாநாடு நடத்துவதற்கு முன்னால் சிறுதொழிலின் பில்லை பாஸ் செய்ய வேண்டும். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

இதற்கு மேல் வந்த அடிகளை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், எட்டே மாதத்தில் ஜிஎஸ்டி, 2020இல் ஊரடங்கு. ஊரடங்கின்போது மத்திய அரசு உத்தரவாதம் கொடுத்து, 3 லட்சம் கோடி ரூபாய் வரை அவசரக் கடன் என்று அறிவித்தது. பல பட்டறைகள் அதனால் பிழைத்தன. வங்கித் தோழர்கள் இரவு பகலாக அதைக் கொடுத்தார்கள். இருந்தாலும் அது கடன். அதே மாதங்களில் பட்டறைக்காரர்களுக்கு வரவேண்டிய பாக்கியை வாங்கிக் கொடுத்திருந்தால் கடனே தேவைப்படாதவர்கள் எத்தனையோ பேர். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. 112 கிலோவாட் இணைப்புக்கு மாத நிலைக்கட்டணம் 3,920 ரூபாயிலிருந்து 17,200 ரூபாய் ஆனது. மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மாநிலமெங்கும் நீங்கள் கதவடைப்பு நடத்தினீர்கள், நியாயமான போராட்டம்.

திருப்பூரைப் பற்றி ஒரு விஷயம் பேசாமல் போனால் நான் ஒருபக்கமாகப் பேசியவனாவேன். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. 1990களில் பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணியைச் சாயம்போட வெளிமாநிலங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலையிழந்த தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சிறியவன் என்பதற்காக ஆற்றைக் கெடுக்க உரிமை கிடையாது. அந்த விவசாயிக்கும் குடும்பம் இருக்கிறது. தனியொரு பட்டறையால் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பல பட்டறைகள் சேர்ந்தால் முடியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அப்படித்தான் வந்தன, திருப்பூர் மீண்டும் எழுந்தது. அந்த ஒற்றுமை சரக்கைப் பரிசோதிக்கவும், விலையுயர்ந்த இயந்திரத்தைப் பங்கிடவும், பாக்கி வசூலிக்கவும் ஏன் வரக் கூடாது? ஒருவர் முறையிட்டால் ஆர்டர் போகும். ஒரு கம்பெனிக்கு ஷாஃப்ட் கடையும் முப்பது பேரின் சார்பில் சங்கம் கடிதம் எழுதினால் யாருடைய ஆர்டரை நிறுத்துவார்கள்?

கடைசியாக உங்களிடம் ஒன்று. மேலேயிருந்து நேரத்துக்குப் பணம் கேட்கிற நாம் கீழே எப்படிக் கொடுக்கிறோம்? வைண்டிங் சுற்றும் அக்காமார்களுக்குப் பீஸ் கணக்கு; கரண்ட் இல்லாத நாளில் அவர்களுக்குக் கூலி இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பையன்கள் ஃபவுண்டரியில் உருகிய இரும்புக்கு அருகில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் காலில் பாதுகாப்புக் காலணி இருக்கிறது? ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டால் இஎஸ்ஐ வேண்டாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. விரல் போன பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்காக நகைக்கடன் கேட்டு வந்த தொழிலாளியின் மனைவியை என் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். சிறுதொழில் எத்தனை பேருக்கு வேலை தருகிறது என்று மட்டும் கேட்டால் போதாது, அந்த வேலையில் ஒருவன் குடும்பம் நடத்த முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். பில் பணம் 45 நாளில் வந்தால் இதைச் செய்வோம் என்பீர்கள். வரட்டும், அதுவரை சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்களுக்குத் தள்ளாதீர்கள்.

நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய சில வேலைகள் உண்டு. வாய்வார்த்தையில் வேலை எடுக்காதீர்கள். ஒரு வரியாவது எழுத்தில் பர்ச்சேஸ் ஆர்டர் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். டெலிவரி சலானில் சரக்கு வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். 45 நாள் எண்ணுவதில் சண்டை வந்தால் அந்தத் தேதிதான் பேசும். ஒவ்வொரு பில்லிலும் உங்கள் உத்யம் எண்ணையும், கட்ட வேண்டிய கடைசித் தேதியையும் அச்சிடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் போட்டாலும் சரி.

முன்வரிசையில் பம்ப் கம்பெனிகளை நடத்தும் பெரியவர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் ஒரு காலத்தில் ஒற்றை லேத் வைத்துத் தொடங்கியவர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அக்கவுண்ட்ஸ் மென்பொருளில் சப்ளையர் பட்டியல் இருக்கும். அதில் குறு நிறுவனம் என்று குறித்த பெயர்களை மட்டும் தனியே எடுத்து, மாதத்தில் இரண்டு நாளைக் குறித்து, அந்த நாளில் அவர்களுக்கு முதலில் கட்டச் சொல்லி உத்தரவு போடுங்கள். உங்கள் மொத்தக் கொள்முதலில் அது சிறு தொகைதான். அடுத்த மாதம் 5ஆம் தேதியிலிருந்து தொடங்கலாம் என்று உங்களில் ஒருவர் இப்போதே எழுந்து சொன்னால், ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன்.